ஊசிவாய்ப் புழுவுக்குக் குடும்பம் தேடிய கதை

அந்தப் புழுவை இப்போது வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்களாம். ஆராய்ச்சி பங்களாவில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளை ஒருத்தி, வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது என்னைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். "ஆச்சி, நீங்க கழுவிக் கழுவி எடுத்தீங்களே அந்த வேர்ப்புழு, அதுக்கு ஒங்க காலத்துல வச்ச பேரும் இப்ப இல்ல, குடும்பமும் இல்ல. வேற குடும்பத்துக்கு மாத்தியாச்சு."

"கட்டிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ரயில் வருவதற்குள் என்னிடம் ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டாள். தொழிலாளர் மலருக்கு நான் பார்த்த வேலையைப் பற்றி எழுதித் தர வேண்டும். அதிலும் அந்தப் புழுவை முதலில் எப்படி இனம் கண்டோம் என்பதை எழுத வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஆனாலும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட எனக்கு எழுதுவது சுலபம். ஒத்துக்கொண்டேன்.

இது வயிற்றில் இருக்கிற பூச்சி இல்லை. தேயிலை வேருக்குள் இருப்பது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு துளித் தண்ணீரில் விட்டுக் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை நூல் துண்டு நெளிகிற மாதிரி இருக்கும். இந்த நூல்புழுக்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலத்தான். ஆனால் குலம் வேறு, குணம் வேறு. எந்தக் குலம் என்று சரியாகச் சொல்லிவிட்டால் அது செடியை என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம். சொல்லத் தவறினால் பழி வேறு ஆள்மேல் போய் விழும். அப்படி விழப் பார்த்த பழி எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே. அடுத்த மலைச்சரிவில் தேயிலை ஆராய்ச்சி செய்கிற பங்களா இருந்தது. அங்கே வேர் கழுவ ஒரு பெண்ணாள் வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வரிசையாக நின்ற எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "அந்த ராமாயிய அனுப்புங்க. வாய் தொறக்காத புள்ள. கண்ணாடிச் சாமான் இருக்கிற எடத்துக்கு அதுதான் சரி" என்றார். என்னைப் பிடித்து அனுப்பியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சபாரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான ஆள். மூங்கில் சிலாம்பு ஒன்றைப் பிளேடால் சீவிச் சீவி முடியைவிட மெல்லியதாக்கி வைத்திருப்பார். தண்ணீருக்குள் நெளிகிற புழுவை அதன் நுனியில் ஏந்தி எடுப்பார். புழு நோகாது. அவர் யாரையும் திட்டியதை நான் கேட்டதில்லை; அவர் கேட்கிற கேள்வியே போதும். முதல் கிழமை நான் மண் போகட்டும் என்று வேரை அழுத்தித் தேய்த்தேன். பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, வேரைக் கழுவினனியோ, துவைச்சனியோ?"

அதற்குப் பிறகு நான் துவைத்ததில்லை. வாளித் தண்ணீரில் வேரை அமிழ்த்தி, தலைக்குக் குளிக்கிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து அசைக்க வேண்டும். மண் தானாகக் கீழே போகும். மெல்லிய வேர்களை மட்டும் கத்தரித்து, நகத்தளவு துண்டுகளாக்கி, மல்துணியில் பரப்ப வேண்டும். அந்தத் துணியைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் புனலின் வாயில் வைக்க வேண்டும். புனலின் அடியில் ரப்பர் குழாய், குழாயில் ஒரு கிளிப். இரவு முழுவதும் அப்படியே விட்டால் வேருக்குள் இருக்கிற புழு தண்ணீரைத் தேடி வெளியே வந்து, துணி வழியாக இறங்கி, கழுத்தில் போய்த் தங்கிவிடும். காலையில் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்திச் சில துளி பிடித்தால் போதும். நாமாகத் தேடினால் கிடைக்காதது தானாக வந்து கிடைக்கும்.

துளியைப் பிடித்த பிறகுதான் ஐயாவின் வேலை. முதலில் வாயைப் பார்ப்பார். சில புழுவுக்கு வாய்க்குள் ஊசி இருக்கும். அதால் உயிருள்ள வேரைக் குத்தி உறிஞ்சும். ஊசி இல்லாதது அழுகியதைத் தின்கிற சாதி. அது யாரையும் கொல்வதில்லை. செடி செத்த பிறகுதான் வரும். "செத்தவீட்டுக்கு வாற சனம் பிள்ளை. வந்து நிக்குது எண்டு கொலைகாரன் ஆக்கேலாது" என்பார். ஊசி இருந்தால் அடுத்து பெண் புழுவைப் பார்ப்பார். அது வேருக்குள் பேரிக்காய் மாதிரிப் பருத்துவிட்டால் முடிச்சுப் புழு. நாற்றுமேடையில் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வருவது அதால்தான். அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைமாருக்குத் தெரிந்த வேர்ப்புழு அது ஒன்றுதான். பருக்காமல் நூலாகவே இருந்தால் வேறு குடும்பம். அதிலும் எது என்று பார்க்கத் துளிக்கு லேசாகச் சூடு காட்டுவார். சூட்டில் செத்ததும் சிலது குச்சி மாதிரி நேராக விழும், சிலது அரிவாள் மாதிரி வளையும், சிலது முறுக்கு மாதிரிச் சுருண்டுகொள்ளும். சாகிற விதத்தில் குலம் தெரியும்.

இத்தனையும் ஒரு புழுவில் பார்த்துவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. இன்னொன்று எடுப்பார். பிறகு இன்னொன்று. எனக்கு இடுப்பே விட்டுப்போகும். "ஒண்டைப் பார்த்துச் சாதி சொல்லுறவன் சோதிடன்" என்பார்.

புழுக்களுக்கு அவர் சொல்கிற சீமைப் பெயர்கள் என் வாயில் நுழையாது. ஒன்று மட்டும் நினைவில் நின்றுவிட்டது. முதன்முதல் அவர் "அங்குயில்லுலினா" என்றபோது, "அங்கே குயில்" என்று என் காதில் விழுந்து, நான் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். "குயில் இல்லைப் பிள்ளை, புழு" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அந்தக் கூச்சத்தில்தான் பெயர் மறக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு விசயம். என் வீட்டுக்காரர் கவ்வாத்துக் கங்காணி. சில வருசத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. வெட்டிய வாதில், அதாவது கிளையில், புதுத் தளிர் வெடித்து வரும். ஆம்பிளையாள் வேலை. வெட்டு ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிசிறினால் வாது காய்ந்துவிடும். இவர் தன் ஆட்களின் கத்தியை வாங்கித் தன் முழங்கை மயிரில் வைத்து இழுத்துப் பார்ப்பார். மயிர் விழாத கத்தி மலைக்குப் போகாது. அதனால் எப்போதும் அவருடைய இடது கை மொழுமொழு என்றிருக்கும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் அதை வைத்து ஒரே கேலி.

அந்த வருசம் நாலாம் நம்பர் மலையை வெட்டினார்கள். சில மாதத்தில் மலை பச்சை பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஓரத்துச் செடிகள் தளிர்த்தன. நடுவில் பெரிய பெரிய வட்டமாக வெறும் குச்சி நின்றது. பெரிய துரை வந்து பார்த்தார். தோட்டம் முழுவதும் அவர் சொல்தான். கவ்வாத்து ஆட்களை அங்கேயே வரிசையாக நிறுத்தினார்.

"தாழ வெட்டிட்டே. செடி செத்துப் போச்சு" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

"அளவுக் கம்பு வச்சுத்தாங்க வெட்டினோம் தொர" என்றார் என் வீட்டுக்காரர்.

கண்டாக்கு ஐயா துரையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். "கத்திக் காயந்தாங்க தொர" என்றார்.

விலை விழுந்த அந்தக் காலத்தில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்துகிற சீட்டு. வேலையோடு குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். பூண்டுலோயாப் பக்கம் இருந்த எங்கள் சொந்தக்காரர்களே ஆள் குறைப்பில் நின்றுபோய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள். எந்தத் தோட்டமும் புது ஆள் எடுக்கவில்லை. எங்களை ஊருக்குப் போ என்றால் எந்த ஊருக்குப் போவது? நான் பிறந்ததே கீழே இருக்கிற பணிய லயத்தில்.

ஆனால் துரையை அநியாயக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி பங்களாவில் வேரைப் பார்க்கட்டும், புழு இருந்தால் புழுவின் குற்றம், இல்லாவிட்டால் கவ்வாத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் சீட்டு என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த வேர் என் கைக்கு வந்தது.

வாளியை இறக்கியதுமே சபாரத்தினம் ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, இது எங்க வீட்டுக்காரங்க வெட்டுன மலைங்க."

அவர் கண்ணாடிக் குழாயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேருக்கு அது தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"அப்ப கழுவு. ஆனால் புழுவை நான்தான் எடுப்பன். நீ புனலிலை கை வைக்கக் கூடாது."

கழுவினேன். வேர் கறுத்து, தோல் நனைந்த காகிதம் மாதிரி உரிந்து வந்தது. மறுநாள் துளியில் புழு மொய்த்தது. ஐயா அன்று முழுக்கக் குனிந்தே இருந்தார். சாயங்காலம் நிமிர்ந்து, "எல்லாம் செத்தவீட்டுச் சனம்" என்றார். ஒன்றுக்கும் ஊசி இல்லை. இரண்டாம் தடவையும் வேர் கேட்டு ஆள் அனுப்பினார். திரும்பவும் அதே மாதிரிதான் வந்தது, அதே புழுதான் இருந்தது. "எல்லா வேரும் உக்கிப்போயல்லோ வருது" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். ஊசிவாய்ப் புழு இல்லை என்று துரைக்கு அடுத்த கிழமை எழுத வேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"கெடைச்சுச்சா புள்ள?"

"இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"புழு இருக்குங்க. ஊசி இல்லாதது."

"ஊசி இல்லாட்டியும் புழு புழுதானே. அத எழுதச் சொல்லேன்."

"அது செத்ததத் திங்கிறதுங்க. அது கொல்லாது."

இவர் தன் கையைப் பார்த்தார். "அப்ப நாங்கதான் கொன்னோம்" என்றார். நான் சோற்றைப் போட்டு வைத்தேன். அவர் தொடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீருக்குப் பீலிக்குப் போனேன். மலையில் இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிற இடம். லயத்துப் பெண்களின் வாயும் அங்கேதான் திறக்கும். செவத்தாயி முன்னால் நின்றாள். அவள் புருசன்தான் எங்களுக்கு வேர் தோண்டிக் கொடுத்த ஆள்.

"என்னாடி ராமாயி, ஒம் புருசன் கொல்லுவாராம், நீ குளிப்பாட்டி விடுவியாம். நல்ல குடும்பம்டி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து குடத்தை வைத்தேன். அதில் அவளுக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது.

"எங்க ஆளு பாவம், ஒவ்வொரு செடியையும் புடிச்சு ஆட்டிப் பாத்து, கீறிப் பாத்துல்ல தோண்டினாரு. பச்சை இருந்தா தொடல. 'பட்ட செடி மட்டுந்தான் கேக்குறாங்க, உசிருள்ளதுல மம்பட்டி பட்டுச்சு, பேர் வெட்டு'ன்னு கண்டாக்கையா கண்டிசனா சொல்லிட்டாரு."

குடம் நிறைந்து வழிந்தது. நான் எடுக்கவில்லை. சபாரத்தினம் ஐயா தபால் பை தூக்குகிற ஆளிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருந்தேன். "நோய்ப்பட்ட செடி, வேரோடை" என்றுதான் சொன்னார். அவர் பேசுகிற பேச்சு வேறு, எங்கள் பேச்சு வேறு. நோய்ப்பட்ட செடி என்று எங்கள் லயத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சீக்குச் செடி என்போம். பட்ட செடி என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: செத்தது. தபால் பைக்காரர் வாயில் இருந்து கண்டாக்கு ஐயா வாய்க்கு வந்து, அங்கிருந்து செவத்தாயி புருசனுக்கு வருவதற்குள் 'நோய்' எங்கேயோ விழுந்துபோய், 'பட்ட செடி' மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குமேல் தோட்டத்துச் சட்டம் வேறு. பேர் வெட்டு என்றால் அன்றைய சம்பளம் கிடையாது. உயிருள்ள தேயிலையைத் தோண்ட எவனும் துணிய மாட்டான். கேட்ட இரண்டு தடவையும் பிணத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"அடி, தண்ணி வழியுதுடி" என்றாள் செவத்தாயி.

திங்கட்கிழமை ஐயா முன்னால் போய் நின்றேன். கழுவிய வாளியையே திரும்பக் கழுவினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?"

"ஐயா... அங்க 'பட்ட செடி'ன்னு சொல்லிட்டாங்க ஐயா."

"ஓம், நோய்ப்பட்ட செடிதானே கேட்டனான்."

"நோய் இல்லீங்க ஐயா. பட்ட செடி மட்டுந்தான் போய்ச் சேந்துச்சு. உசிரா இருக்கிறத ஆரும் தொடல."

ஐயா சிலாம்பைக் கீழே வைத்தார். அவர் அதை வேலைக்கு நடுவில் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "எங்கடை ஊரிலையும் பட்ட மரம் எண்டால் செத்த மரந்தான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "நோய் வழியிலை இறங்கிப் போட்டுதாக்கும். எனக்கு முதல் வாளியிலேயே தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "வாளியை எடு. இனி ஆள் அனுப்பிற கதை இல்லை. நானே போய்க் கேக்கிறன்."

துரையிடம் அவர் கேட்டது நாலாம் நம்பர் மலையில் இல்லை. பக்கத்து அஞ்சாம் நம்பர் மலையில், அந்தத் தடவை இன்னும் கத்தி படாத செடி வேண்டும் என்று கேட்டார். உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் சீக்காக இருக்க வேண்டும். எது சீக்கு என்று கொழுந்தெடுக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் கை காட்டுவாள். இலை மஞ்சளித்து, பூ மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும். கூடைக்கு ஒன்றும் தேறாது. அப்படி ஒரு செடியைக் கண்டாக்கு ஐயாதான் தேர்ந்தெடுத்தார். அது எங்கள் ஐயாவின் நிபந்தனை. கவ்வாத்து ஆட்கள் எல்லாரையும் துரை கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

"தோண்டு" என்றார் துரை.

ஒருத்தரும் அசையவில்லை.

"என்னா? காது இல்லையா?"

"காது இருக்குங்க தொர" என்றார் என் வீட்டுக்காரர். "உசிருள்ள செடியில கை வச்சா பேர் வெட்டுன்னு தொரதான் சட்டம் போட்டீங்க. ஏற்கனவே செடியக் கொன்னவங்கன்னு நிக்கிறோம். இன்னொன்னையும் கொல்லச் சொன்னா எப்பிடிங்க?"

துரை கண்டாக்கு ஐயாவைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா தன் சப்பாத்தைப் பார்த்தார். "எனக்கும் அந்தச் சட்டந்தாங்க தொர" என்றார்.

துரையின் முகம் சிவந்தது. கோட்டைக் கழற்றிக் கண்டாக்கு ஐயா கையில் கொடுத்துவிட்டு முள்ளை வாங்கினார். மண் குத்துகிற இரும்பு முள்ளு; அதை அவர் முன்னால் பிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நாலு குத்துக் குத்தினார். கிழட்டுச் செடி, அசையவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சாச்சுக் குத்துங்க தொர. நேராக் குத்துனா சின்ன வேரெல்லாம் அந்துரும்."

துரை சாய்த்துக் குத்தினார். ஆட்கள் தலைப்பாகைத் துணியால் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். செடி வந்தது. மலை உச்சியில் நன்றாக இருந்த செடி ஒன்றும் வேண்டும் என்று எங்கள் ஐயா கேட்டார், ஒத்துப் பார்ப்பதற்கு. துரை அதையும் தானே குத்தினார். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லார் முன்னாலும் வேரைக் கழுவச் சொன்னார்கள். அத்தனை கண்ணுக்கும் முன்னால் வேரைப் பிடித்து அசைத்தேன். மண் கீழே போனது. உச்சிச் செடியின் வேர் வெள்ளையாக இருந்தது. சீக்குச் செடியின் வேரில் வெந்த தழும்பு மாதிரி அங்கங்கே பழுப்பு. முடிச்சு ஒன்றுகூட இல்லை.

"முடிச்சு இல்லை" என்றார் துரை. ஐயா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தோளைக் குலுக்கினார்.

இரண்டு வேரையும் தனித்தனிப் புனலில் ஐயாவே வைத்தார். காலையில் துரை வந்து அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். நான் சுவரோடு நின்றேன். உச்சிச் செடியின் புனலில் கிளிப்பைத் தளர்த்தினார். தெளிந்த தண்ணீர். அடுத்ததைத் தளர்த்தினார். தண்ணீரில் மாவைக் கரைத்த மாதிரி இருந்தது.

ஐயா குனிந்தார். ஒன்றை எடுத்தார், சூடு காட்டினார், பார்த்தார். அவர் மணிக்கட்டைப் பார்த்தே எனக்குப் பாதி தெரியும். புழு சுருண்டுவிட்டால் அதைத் திருப்பச் சிலாம்பைச் சுழற்றுவார். சுழற்றவில்லை. நேராக விழுந்திருக்கிறது. இன்னொன்று எடுத்தார். சுழற்றவில்லை. துரை இரண்டு தடவை ஏதோ கேட்டார். ஐயா தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். பிறகு அடுத்தது. பிறகு மெல்லிய வேர்த் துண்டைச் சிவப்புச் சாயத்தில் காய்ச்சிக் கழுவி விரித்தார். வேர் வெளுத்து நிற்க, உள்ளே இருந்த புழு மட்டும் சாயம் ஏறிச் சிவப்பு நூலாகத் தெரியும்.

கடைசியில் நிமிர்ந்தார். துரை பக்கத்தில் இருக்க, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"ஊசி உண்டு. ஊசிக்கு அடியிலை குமிழ் உண்டு. பொம்பிளைப் புழு பருக்கேல்லை, நூல்தான். சூட்டிலை நேராய் விழுகுது. முடிச்சுப் புழுவின்ரை குடும்பம் இல்லை இது. அங்குயில்லுலினா."

பிறகுதான் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார்.

துரை கண்ணாடியில் குனிந்தவர் நெடுநேரம் எழும்பவில்லை. ஐயா அவருக்கு விளக்கியதைப் பின்னால் எனக்கும் சொன்னார். இந்தப் புழு வேரை முடிச்சாக்காது. வேர் செத்துவிட்டால் அதை விட்டு அடுத்த உயிருள்ள வேருக்குப் போய்விடும்; நாலாம் நம்பரின் செத்த வேரில் அகப்படாதது அதனால்தான். உள்ளே இருந்துகொண்டு செடி சேர்த்து வைத்திருக்கிற மாவை இல்லாமல் ஆக்கிவிடும். மேலே இலை இருக்கிறவரை செடி சமாளித்து நிற்கும். கவ்வாத்து வெட்டியதும் புதுத் தளிர் விட வேரில் ஒன்றும் இருக்காது. எவ்வளவு கூரான கத்தியால் எவ்வளவு அளவாக வெட்டினாலும் அந்தச் செடி எழும்பாது. ஐயா வரைந்த படமும் புழுவும் சீமைக்குப் போய், அங்கே இருக்கிறவர்களும் அதே குடும்பம்தான் என்று எழுதிப் பதில் வர மாதக்கணக்கானது. துரை அதற்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்த நாள் பெரட்டுக்கு அவரே வந்தார். அவர் பெரட்டுக்கு வருகிற ஆள் இல்லை. எல்லாரும் நிமிர்ந்து நின்றோம்.

"கவ்வாத்து ஆளு குத்தம் இல்லை" என்றார். "புழு குத்தம்."

பிறகு ஆம்பிளை வரிசையில் பின்னால் இருந்து ஒரு குரல், "அப்ப புழுவுக்குப் பத்துச்சீட்டு குடுத்துருங்க தொர" என்றது. முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கண்டாக்கு ஐயா அதட்டப் போனவர் துரை சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். அன்று சாயங்காலம் பீலியில் செவத்தாயி தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, "நீ புடிடி மொதல்ல" என்றாள். அவள் வாயில் இருந்து மன்னிப்பு அந்த மாதிரித்தான் வரும்.

அதற்குப் பிறகு நாலாம் நம்பரில் பட்ட இடங்களில் இருந்த செடிகளைப் பிடுங்கி, புல் போட்டு மண்ணை ஆறவிட்டார்கள். எங்கள் பங்களாவுக்கு வேர் அனுப்புகிற தோட்டங்களுக்கெல்லாம் ஐயா புதிதாகச் சொல்லி அனுப்பினார்: சீக்கான செடி வேண்டும், உசிரோடு வேண்டும். அந்தச் சொற்களை அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "இதை உங்கடை ஆக்கள் எப்பிடி விளங்குவினம்?" என்று கேட்டார். ஓய்வு பெறுகிறவரை நான் அங்கேதான் இருந்தேன். பின்னாளில் புனலில் கை வைக்கவும், சிலாம்பால் புழு எடுக்கவும், ஊசி இருக்கிறதா இல்லையா என்று பிரித்து வைக்கவும் கற்றுக்கொண்டேன். எத்தனையோ தோட்டத்து வேர் என் கையால் போனது. ஆனால் இந்த வேலையில் எனக்குப் பெருமையான நாள் எது என்று கேட்டால், அந்தப் பெரட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன்.

கழுவ வேர் மிச்சம் இருந்ததால் அன்றும் நான் வேலைக்குப் போயிருந்தேன். கவ்வாத்து ஆட்கள் அத்தனை பேரும் ஆராய்ச்சி பங்களாவுக்கு வந்து நின்றார்கள். அந்தப் புழுவைப் பார்க்க வேண்டுமாம். ஐயாவுக்கு நான் சொல்லத் தயங்க, அவரே சன்னலால் பார்த்துவிட்டு, "வரச் சொல்லு. கால் கழுவிப்போட்டு ஒவ்வொருத்தரா" என்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக வந்து கண்ணாடியில் குனிந்தார்கள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பார்த்தவரும் உண்டு. கூட்டத்தில் மூத்தவர் ஒருத்தர் பார்த்துவிட்டு, "உசிரோடயா இருக்கு?" என்று கேட்டார்.

"ஓம், உயிரோடைதான்."

"நல்லது. நாங்க பாத்துட்டோம்னு அதுக்கும் தெரியட்டும்."

என் வீட்டுக்காரர் கடைசியாக வந்தார். வீட்டில் எவ்வளவு சொல்லியிருந்தும், வேலைக்காக இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிய கோலத்தில் என்னை அவர் பார்த்தது அன்றுதான். என்னைத் தெரியாதவர் மாதிரி நடந்துபோய்க் குனிந்தார். ஐயா பக்கத்தில் நின்று எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார்.

"தலைப் பக்கம் இந்தா குத்திட்டு நிக்குதே, இதுங்களா ஐயா ஊசி?"

"அதுதான்."

இவர் நிமிரவில்லை. ஆட்கள் எல்லாம் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்து நின்றார்கள். கண்ணாடியில் கண்ணை வைத்தபடியே சொன்னார்:

"ஊசி வச்சிருந்தவன் மண்ணுக்குள்ள இருந்துட்டான். கத்தி வச்சிருந்த நாங்க மண்ணுக்கு மேல நின்னோம். அதான் எங்களப் புடிச்சாங்க."